லைனிங்கில் ஒரு மஞ்சள் பொட்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தையல் கடையை அன்று காலை திறந்ததும் என் கண்ணில் பட்டது அந்த மஞ்சள்தான். மேசைமேல் மடித்துவைத்த சிவப்புப் பட்டு அங்கி. முதுகில் தங்கச் சரிகையில் கோபுரம், சுற்றிலும் கொக்குகள். உள்ளே புது வெள்ளை லைனிங். அதன் கழுத்தோரத்தில் விரல்நுனி அளவுக்கு மஞ்சள் கறை.

அங்கி லிம் அங்கிளுடையது. கிள்ளானில் சீனர்களின் தாவோ கோயில் ஒன்றில் பூசாரி. மேரு பக்கம் தமிழர்கள் வேலை செய்த எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அவருடைய குரு போட்டு, பிறகு அவருக்குக் கொடுத்த அங்கி அது. சரிகை பல இடங்களில் கழன்று நின்றது. நைந்துபோன அங்கியைக் குப்பையில் போடக்கூடாது, எரித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சீடர்களும் புதிது வாங்கச் சொல்லி நச்சரித்தார்கள்.

"ஒரு தடவ பாரு லா, மா. முடியலன்னா எரிச்சிடுறேன்" என்று கொடுத்துவிட்டுப் போனார். சொல்லும்போது அவர் முகம் சரியாக இல்லை.

ஆரி கற்க வரும் பிள்ளைகளே, இந்த வேலைக்கு ஆரி ஊசியைத் தொடாதீர்கள். இதில் சரிகை துணிக்குள் போவதில்லை. மேலே படுக்கவைத்து, மெல்லிய பட்டு நூலால் பிடிக்க வேண்டும். அதுவும் பழைய துளைகளிலேயே. புதுத் துளை போட்டால் பட்டு கிழிந்துவிடும். என்னோடு வேலை செய்யும் சரசு அக்காவுக்கு மட்டும்தான் அந்தப் பொறுமை உண்டு. முந்தின நாள் முடித்துவிட்டார்.

"அக்கா, இது என்ன?" என்றேன்.

"மஞ்சள்தான். தைச்சு முடிச்சா வைக்காம எப்படிக் குடுக்குறது? கல்யாண பிளவுஸுக்கெல்லாம் வைக்கிறோமே."

"ஐயோ, அது அவங்க சாமி உடுப்பு, அக்கா! நம்ம பிளவுஸா?"

கத்திவிட்டேன். கறையைக் கழுவவும் முடியாது, தண்ணீர் பட்டால் சிவப்புச் சாயம் லைனிங்கில் இறங்கிவிடும். பங்சாரில் தெரிந்த டிரை கிளீனரைக் கூப்பிட்டேன். "பழைய சரிகையா? நான் தொட மாட்டேன், அக்கா" என்று போனை வைத்துவிட்டார். வெயிலில் காட்டினால் மஞ்சள் வெளுக்கும், ஆனால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. லைனிங்கை மாற்ற நேரமில்லை. சாயங்காலம் கோயிலில் பெரிய பூசை. மத்தியானமே லிம் அங்கிள் வந்து நின்றார்.

அவராகப் பார்ப்பதற்கு முன் நானே புரட்டிக் காட்டிவிட்டேன். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பழக்கத்துல வச்சிட்டாங்க."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"மஞ்சளா? தீபாவளிக்கு எஸ்டேட்ல எனக்கும் சட்டை குடுப்பாங்க. காலர்ல இப்படித்தான் வைப்பாங்க" என்றவர், சற்று நிறுத்தி, "ஆனா இது புதுசுக்குத்தானே வைக்கிறது? இது பழசு லா" என்றார்.

சரசு அக்கா சொன்னார். "நேத்து வரைக்கும்தான் பழசு, அங்கிள்."

லிம் அங்கிள் அங்கியை எடுத்து, பிளவுஸ் அளவு பார்க்கும் எங்கள் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தார். திரும்பித் திரும்பி முதுகைப் பார்த்தார். "எரிக்க வேணாம்" என்று கண்ணாடியைப் பார்த்தே சொன்னார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்றிருந்தது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். யார் துணியானாலும், நம் வழக்கத்தை அதில் வைக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இப்போது லிம் அங்கிளின் சீடர்களும் அங்கிகளை எங்களிடம்தான் கொண்டுவருகிறார்கள். நான் கேட்பதற்கு முன்பே, மஞ்சள் வைத்தாயிற்றா என்று அவர்கள் கழுத்தோரத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.