பூனைக்கு நட்ட மரம்

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பூனைக்கென்று ஒரு மரம் இருந்தது. வேர் இல்லாத மரம். இப்போது அந்த மாதிரி மரத்தைக் கடையிலேயே செய்து விற்கிறார்களாம். பேத்தி போனில் படம் காட்டினாள். பஞ்சு வைத்த படிகள், கயிறு சுற்றிய தூண், உச்சியில் ஒரு தொட்டில். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதினாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எண்பதுகளின் தொடக்கம். திருச்சுழி ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பா சுற்றுவட்டக் காடுகளில் மிளகாய் வற்றலும் மல்லியும் வாங்கி, முன் அறையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைப்பார். காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய் விலை பேசி வருவார். விலை படிந்தால் மறுநாள் லோடு போகும்.

அப்பா வீட்டைவிட்டுக் கிளம்புவது பெரிய காரியம். துண்டை உதறித் தோளில் போட்டு, மஞ்சள் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்ததும், அம்மா நிறைகுடத்தோடு தெருவிலிருந்து எதிரே வரவேண்டும். குடத்தில் தண்ணீர் இருந்தால் போதாது, தளும்ப வேண்டும். பின்னாலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவே கூடாது. கிளம்பியவர் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

இத்தனைக்கும் நடுவில்தான் எங்கள் சாம்பல் நிறப் பூனை குறுக்கே ஓடியது.

அது கெட்ட எண்ணத்தில் ஓடியதாகச் சொல்ல முடியாது. இரவெல்லாம் எலி பிடித்துவிட்டு மூட்டை மேல் தூங்கும். அப்பா துண்டை உதறும் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்து, வாசலைப் பார்த்துப் பாயும். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்புவார். அதற்குள் பஸ் போயிருக்கும். நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தால் வியாபாரம் சரியாக அமையாது. எல்லாம் பூனையால் என்பார். உட்கார்ந்ததால் என்று யாரும் சொல்லவில்லை.

"இன்னொரு வாட்டி எதிர வந்துச்சு, சாக்குல கட்டி நரிக்குடிக்கு அங்கிட்டுக் கொண்டுபோய் விட்ருவேன்" என்றார் ஒருநாள்.

"எலிய யாரு புடிப்பா? நீங்களா?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"எலி புடிக்கட்டும். எதிர வரக்கூடாது."

அப்போது அத்தைதான் வாயைத் திறந்தாள். "அண்ணே, ஒரு வாரம் பொறுங்க. நான் அத வீட்டுக்குப் பின்னாலயே இருக்கப் பழக்கிர்றேன்."

அத்தை அப்பாவின் தங்கை. பரளச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கிணறு வெட்டப் போன இடத்தில் வெடி வைத்தபோது மாமா இறந்துபோனார். அதன்பின் அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குத் தலை சீவிவிட, கூடப் படுத்துக்கொள்ள ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு. அவள் என்றைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாளோ என்பது ஒன்றே என் கவலை. காலையில் கண் விழித்ததும் பெட்டி மூலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாயைச் சுருட்டுவேன்.

அத்தை முதலில் பூனையைக் கயிற்றில் கட்டிப் பார்த்தாள். தெருவே கூடும்படி கத்தியது. கூடையைப் போட்டுக் கவிழ்த்தாள். கூடை நகர்ந்து வாசலுக்கே வந்தது. "ஒசரத்துல இருந்து பழகின சென்மம். ஒசரம் குடுத்தாத்தான் நிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கண்மாய்க்குள் சீமைக் கருவேல மரங்களை வெட்டிக் கரி மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். கவட்டை விட்ட ஒரு தடி மரத்தைக் காட்டிக் கேட்டாள்.

"எதுக்குத்தா, அடுப்புக்கா?" என்றார் மூட்டக்காரர்.

"பூனைக்கு."

அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "பூனைக்கு மரமா! அப்ப எலிக்கு ஊஞ்சலு கட்டுவியா?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். எங்கள் வீட்டோடு வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆளுக்கு ஒரு முனையாக மரத்தைத் தூக்கி வந்தோம். முள்ளை அரிவாளால் சீவியபோது அத்தையின் கையெல்லாம் கீறல்.

பின்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டினாள். கடப்பாரை 'ணங்' என்று தெறித்தது. கோடைக் கரிசல் இரும்பு மாதிரி. மரத்தை நிறுத்தி, தோண்டிய மண்ணையே போட்டுத் தண்ணீர் ஊற்றி மிதித்தோம். மரம் ஆடாமல் நின்றது. கிணற்றில் போட்டுக் கழித்த பழைய தேங்காய் நார்க் கயிற்றை நனைத்து, அடியிலிருந்து நெருக்கிச் சுற்றினாள். காயும்போது கயிறு இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றாள். சோப்புப் பெட்டிப் பலகைகளை மூன்று இடத்தில் கிடையாக அடித்தாள். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தியது நான். பலகைகள் மேல் சாக்குத் துணி. கயிற்றின் மேல் கருவாடு கழுவிய தண்ணீர்.

பூனை வந்தது. மோந்து பார்த்தது. மரத்தை விட்டுவிட்டு, தோண்டிய மண்ணில் படுத்துத் தூங்கியது.

இரண்டு நாள் வெயிலில் அந்த மண் வெடித்து மரத்தைவிட்டு விலகிவிட்டது. கரிசலின் குணம் அது. நனைத்தால் ஒட்டும், காய்ந்தால் கைவிடும். உச்சிப் பலகையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்ததைப் பார்த்துப் பூனை பாய்ந்து ஏற, மரம் ஆடியது. பூனை குதித்து ஓடியது. பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. ஆடுகிற இடத்தில் பூனை இரண்டாம் முறை கால் வைக்காதாம்.

"என்ன, பங்களா விழுந்துருச்சா?" என்றார் அப்பா.

அத்தை குழியை மறுபடி தோண்டினாள். ரோட்டோரத்திலிருந்து சரளையும் ஓட்டுச் சில்லும் அள்ளி வந்து, மரத்தைச் சுற்றிப் போட்டுப் போட்டு இடித்தாள். மரம் இறுகிவிட்டது. ஆனால் பூனைக்கு நம்பிக்கை வரவேண்டுமே. தினமும் அத்தை அதைத் தூக்கிக் கீழ்ப் பலகையில் விட்டு, மரத்தைக் கையால் அணைத்துப் பிடித்தபடி நின்றாள். பிறகு நடுப் பலகை. வாரம் முடிவதற்குள் பூனை தானாக உச்சிக்குப் போய், கயிற்றில் நகத்தைத் தீட்டிக்கொண்டு, அங்கேயே சுருண்டு தூங்கத் தொடங்கியது. சாக்கு நரிக்குடிக்குப் போகவில்லை.

அப்புறம் வீட்டில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. அப்பா துண்டை எடுத்ததும் அத்தை கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பின்புறம் போய்விடுவாள். பூனையைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று நான் நினைத்தேன். அம்மாவுக்கு வாசல் வேலை, அத்தைக்குப் பின்புற வேலை. எனக்கும் ஒரு வேலை உண்டு. பஸ் கண்மாய்க் கரையில் திரும்பும்போது எங்கள் மதிலுக்கு மேலாகத் தெரியும். நான் துவைக்கிற கல்லில் ஏறி நின்று பார்த்து, "பஸ்ஸு போயிருச்சு அத்தே" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அத்தை வீட்டுக்குள் வருவாள். இதில் எனக்கு ரொம்பப் பெருமை.

மழைக்காலம் முடிந்து பக்கத்துக் காட்டில் கடலை விளைந்திருந்தது. எலிக்கு மருந்து வைத்தார்கள். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றிருக்க வேண்டும். ஒரு மத்தியானம் தள்ளாடி வந்து, மரத்தில் ஏறப் பார்த்து, நடுப் பலகை வரைக்கும் போய் அங்கேயே படுத்துவிட்டது. அத்தை அதன் வாயில் மோர் ஊற்றிப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. சாயங்காலம் மதிலோரமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். "நல்லா எலி புடிச்சுச்சு" என்றார் அப்பா.

மறுநாள் காலை. அப்பா துண்டை உதறினார். அம்மா குடத்தோடு தெருவுக்குப் போனாள். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகை வைத்துவிட்டு எழுந்து, பின்புறம் நடந்தாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மறந்துவிட்டாள் போல என்று நினைத்து, உரக்கச் சொன்னேன்: "அத்தே! பூனதான் செத்துப்போச்சே, பெறகு எதுக்குப் பின்னால போறீக?"

அப்பா படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். திரும்பவில்லை. அவர் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எதிரே அம்மா நிறைகுடத்தோடு நின்றாள். அவர் வந்தால்தான் அவளால் நகர முடியும். தண்ணீர் தளும்பி அவள் சேலையில் வழிந்தது. அவர் உள்ளே வந்து உட்காருவார், தண்ணீர் கேட்பார், எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். பிறகு மற்றக் காலையும் இறக்கித் தெருவில் நடந்துபோனார்.

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து என் தொடையில் கிள்ளினாள். ஏன் என்று சொல்லவில்லை.

நான் பின்புறம் ஓடினேன். அத்தை வெறும் மரத்துக்குப் பக்கத்தில் நின்று, சாக்குத் துணியில் ஒட்டியிருந்த பூனை மயிரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அத்தே?" என்று மறுபடி கேட்டேன்.

"சும்மாதாந்தா. பஸ்ஸு போயிருச்சான்னு ஏறிப் பாரு."

ஏறிப் பார்த்தேன். கரையில் புழுதி மட்டும் நின்றது. "போயிருச்சு" என்றேன். அத்தை உள்ளே போய்ச் சொளகை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா டவுனிலிருந்து வந்தபோது மஞ்சள் பை நெளிந்தது. உள்ளே ஒரு பூனைக்குட்டி, வெள்ளையில் கறுப்புத் திட்டு. அத்தை அங்கேதான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் பையை என்னிடம் நீட்டினார்.

"ஒங்க அத்தைட்ட குடு. மூட்டையில எலி வரும்ல."

அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மிளகாய் விலை இறங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை குட்டியை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டு பின்புறம் போனாள். நானும் போனேன். கீழ்ப் பலகையில் விட்டாள். அது மேலே அண்ணாந்து பார்த்தது. கயிற்றில் நகத்தை வைத்துப் பார்த்து, வழுக்கி விழுந்து, மெலிதாகக் கத்தியது.

"பாவம் அத்தே, இதுக்கு ஏறத் தெரியல."

"பழகிரும். நான் எங்க போகப் போறேன், இங்கதான நிக்கப் போறேன்" என்றாள் அத்தை. ஒரு கையால் மரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேல் காலையில் பெட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் அத்தை எங்கேயும் போகப்போவதில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.