பதினாறு ஃபெல்ட் வட்டங்கள்

சாப்பாட்டு மேசை நாற்காலிகளின் கால்களில், தரையில் உரசாமலிருக்க ஒட்டியிருந்த ஃபெல்ட் துணி வட்டங்களை உரித்தது நான்தான். நான்கு நாற்காலி, பதினாறு கால், ஒன்றுவிடாமல். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவின் காருக்கும் ஏறக்குறைய அதே வயது. சிங்கப்பூரில் பத்து வருடத்தில் காரின் சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ளும் உரிமம், முடிந்துவிடும். புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் உடைக்கக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் காருக்கு எது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியப்பா மட்டும் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவிடம் கார் கிடையாது. ஆனால் எங்கள் காரின் முன் இருக்கை அவருடையது. மாதம் ஒரு ஞாயிறு உட்லண்ட்ஸிலிருந்து காத்தோங் கோயிலுக்குப் போவோம். சாலையில் வேகத்தடையாக ஒரு ஹம்ப் வந்தால் போதும், டேஷ்போர்டும் கதவும் கடகடவென்று ஆடும். உடனே பெரியப்பா ஆரம்பிப்பார்.

"காராடா இது? பிஸ்கட் டின்ல கோலிக்குண்டு போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. ஸ்கிராப்புக்குத் தள்ளிடு லா."

அப்பா சிரிப்பார். தன் அண்ணனுக்கு அவர் பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சத்தம் நின்னா காரை வச்சுக்குவீங்களா?" என்று ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவைக் கேட்டேன்.

அப்பா கார் சாவியைக் கையில் உருட்டினார். "முதல்ல நிக்குதான்னு பாப்போம்."

அதை நான் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மல்டி ஸ்டோரி கார்பார்க்கில் வேலை தொடங்கியது. அப்பா மேலும் கீழுமாக ஓட்டினார். நான் பெரியப்பாவின் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்தினேன். எதை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. இருக்கைக்கு எதிரே சாமான் வைக்கும் பெட்டியின் மூடி, டேஷ்போர்டின் இடது ஓரம், இடது கதவின் உள்பலகை என்று மூன்று சிக்கின. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் இடத்தில் ஃபெல்ட் வைக்கவேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். ஃபெல்ட் வீட்டில்தான் இருந்ததே.

அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு, பள்ளிக்கூட ரூலரால் நெம்பி எடுத்தேன். நாற்காலி இழுக்கும் சத்தம் தாங்காமல் கீழ் வீட்டுச் சீன ஆன்ட்டி இரண்டு தடவை ஏறி வந்த பிறகு அம்மா ஒட்டியவை அவை.

கை நிறையக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன்.

"அம்மாகிட்ட கேட்டியா?"

"இல்ல."

அப்பா வட்டங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்ப அவங்க வர்றதுக்குள்ள ஒட்டு" என்றார்.

பழைய வங்கி அட்டையைச் செருகி உள்பலகையை நெம்பினோம். ஒரு கிளிப் உடைந்தது. அந்த இடத்தில் மூன்று வட்டங்களை அடுக்கித் திணித்தோம்.

சாயங்காலம் நான்கு நாற்காலிகளும் சேர்ந்து அலறின. ஆன்ட்டி வந்துவிட்டார். அம்மா வாசலில் நின்று குழைந்தார்.

"ஆன்ட்டிகிட்ட சாரி சொல்லு."

"கார் வீட்டோட இருக்கும்னு தெரியட்டும், அப்புறம் சொல்றேன்."

அம்மா முறைத்த முறைப்பில் நான் எரிந்திருக்க வேண்டும். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் குலுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஏறினார். முதல் ஹம்ப். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. பெரியப்பா தானே குனிந்து அந்தப் பெட்டியின் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னடா பண்ண?"

"என் மக பண்ணா" என்றார் அப்பா. பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்ப சொல்லுங்கண்ணே. கேப்போம்."

பெரியப்பா ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். அவ்வளவுதான், காத்தோங் வரும்வரை வாயே திறக்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். புதன்கிழமை பள்ளி விட்டு வந்தால், கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"ஏமாத்திட்டீங்க" என்றேன்.

"காரைக் குடுத்துடறதா போன வியாழனே கையெழுத்துப் போட்டாச்சும்மா. நீ கேக்குறதுக்கு முந்தியே."

"அப்ப எதுக்கு சனிக்கிழமை முழுக்க என்கூட உக்காந்து ஒட்டுனீங்க?"

அப்பா என் பள்ளிப் பையை வாங்கி நாற்காலியில் மாட்டினார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ஆன்ட்டியிடம் சாரியும் சொல்லவில்லை. அதுதான் கார் போய்விட்டதே.

அம்மா புது ஃபெல்ட் வாங்கி வந்து என்னையே ஒட்டச் சொன்னார். மூன்று நாற்காலிகளுக்கு ஒட்டினேன். நாலாவதை அப்பா தரவில்லை. "என்னோடது இப்படியே இருக்கட்டும்" என்றார். மற்ற நாட்களில் அதைப் பூனைக்குட்டியைப் போலத் தூக்கித்தான் நகர்த்துவார். பெரியப்பா சாப்பிட வந்தால் மட்டும், எழும்போது தரையோடு தரையாக இழுப்பார். வீடே கிறீச்சிடும். அது என்ன சத்தம் என்று பெரியப்பா ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பா மறந்துபோய் இழுக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.