கொம்பு முளைத்த படம்

பத்தாம் வகுப்பு விடைத்தாளில் நான் வரைந்த கருப்பைக்கு இரண்டு கொம்புகள் இருந்தன. சினைப்பை, கருக்குழாய், கருப்பை வாய் என்று பெயரெல்லாம் சரிதான். அறிவியல் டீச்சர் கொம்புகளை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். "மாட்டுக்குத்தாண்டி கொம்பு. நமக்கெதுக்கு?" என்றார். வகுப்பே சிரித்தது. பள்ளி முடியும்வரை எனக்குக் 'கொம்பு' என்றே பெயர்.

அந்தப் பாடத்தை அவர் நடத்தவேயில்லை, வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நானோ மத்திகிரி கால்நடைப் பண்ணையில் நிஜத்தையே பார்த்தவள். அப்பாவுக்கு அங்கே வேலை. சாப்பாடு கொண்டுபோன ஒருநாள், சினை ஊசி போடப் பழகுபவர்களுக்காக அறுப்புக்கூடத்திலிருந்து வந்த பசுவின் கருப்பையைத் தட்டில் வைத்திருந்தார்கள். அடியில் ஒன்றாக இருந்து, மேலே இரண்டாகப் பிரிந்து ஆட்டுக்கிடாக் கொம்பு போல வளைந்திருந்தது. கன்று இந்தக் கொம்பு ஒன்றில்தான் வளரும் என்றார் மாட்டு டாக்டர். தொட்டுப் பார்த்தேன், நனைந்த துணிப்பை மாதிரி இருந்தது. உனக்கும் இப்படித்தானா என்று அம்மாவிடம் கேட்டு, முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

கல்யாணமாகி, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்தது. அழுது ஓய்ந்தபின் இரண்டாவது நின்றது. இதையும் இழந்தால் தாங்கமாட்டேன் என்று பயம். உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றேன். பேரிகை ஊர்க்கார மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊர்ல யாரும் பெத்துக்கலயா? உனக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?"

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைக் காட்டினார். "உங்க கருப்பை ரெண்டு கொம்பா பிரிஞ்சிருக்கும்மா. குழந்தை வலது பக்கம் இருக்கு." நான் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த மாமியாருக்குத்தான் முகம் வெளுத்துப்போனது. தாய் வயிற்றில் உருவாகும்போது எல்லாப் பெண்ணுக்கும் கருப்பை இரண்டு குழாயாகத்தான் தொடங்குமாம், பிறகு சேர்ந்து ஒரே பையாகுமாம். பசுவுக்கு அடியில் மட்டும் சேர்கிறது. எனக்குப் பாதியில் நின்றுவிட்டது. முதல் கரு அதனால்தான் கலைந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பலருக்கு நல்லபடியாகப் பிறக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஓய்வுபெற்று மத்திகிரியிலேயே இருந்த டீச்சரைத் தேடிப் போனேன், வம்புக்குத்தான். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கொடுத்து வரையச் சொன்னார். பிறகு கேள்விமேல் கேள்வி. இரண்டு கொம்பிலிருந்தும் மாதாமாதம் உதிரம் வருமா? இடது சினைப்பையின் முட்டை வலதுக்குப் போகுமா? காலியாக இருக்கிற கொம்பு இத்தனை மாதமும் என்ன செய்யும்? ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு கேள்வி கொடுத்தனுப்பினார். டாக்டரம்மாவே, "இன்னைக்கு டீச்சர் என்ன கேட்டாங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

குழந்தை திரும்ப இடமில்லாமல் தலை மேலாகவே இருந்தது. அறுவைசிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண். டீச்சர் பார்க்க வந்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குக் குழந்தை இல்லை. குறை அவரிடம்தான் என்று ஊர் எப்போதோ முடிவுசெய்துவிட்டது.

கடைசிக் கேள்விக்கு நான் பதில் வைத்திருந்தேன்.

"காலியா இருந்த கொம்பும் சும்மா இல்ல டீச்சர். அதுவும் உள்ள மெத்தை போட்டு வச்சிருக்குமாம், குழந்தைக்காக."

குழந்தையின் உள்ளங்காலைத் தடவினார்.

"எனக்கு உள்ள எப்படி இருந்துச்சோ. யாருமே பாக்கலடி."

விடைத்தாளில் அவர் போட்ட சிவப்புக் கேள்விக்குறி ஞாபகம் வந்தது. அன்று அதற்கு என்னிடம் பதில் இருந்தது.