சிலுவார் போட்ட தாய்மாமன்

பத்து காஜா பக்கம் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அப்படி இருந்தும் புந்தோங்கில் மாடிவீடு கட்டினேன், சிலிபினில் டயர்க் கடை வைத்தேன், இரண்டு லோரி வாங்கினேன், தங்கைக்கு ஊரே மெச்சக் கல்யாணம் செய்து வைத்தேன். எவனும் ஒரு கை கொடுக்கவில்லை. இத்தனை வருடம் வண்டி ஓட்டி யார்மேலும் மோதியதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு முறை வண்டியை வாய்க்காலில் விட்டேன். இளவயதில் கைலியோடு லோரி ஓட்டிய காலம். கைலி காலைச் சுற்றிக்கொண்டு, பிரேக்கை மிதிக்க முடியாமல் போயிற்று. அன்று முதல் காலில் சுற்றாத முழுக்கால் சிலுவாரும் சப்பாத்தும் இல்லாமல் ஸ்டேரிங்கைத் தொடுவதில்லை.

போன மாதம் தங்கை மகளுக்குக் கல்யாணம். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போகும் காடியை நான்தான் ஓட்டினேன். என்னைப் பார்த்ததும் தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, தாய்மாமன் பட்டு வேட்டி கட்டாம, டயர் மாத்தப் போற மாதிரி நிக்கிறீங்க! மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்க லா."

"சிரிக்கட்டும். வேட்டி பையில இருக்கு. கோயில்ல போய்க் கட்டிக்கிறேன்."

பின்னிருக்கையில் மணப்பெண்ணும் முகத்தைச் சுளித்தாள். "மாமா, பெல்ட் போட்டா சேலை மடிப்பு கசங்கிடும். பக்கத்துலதானே கோயில்?"

"கசங்கினா அயன் பண்ணலாம். போடலன்னா காடி நகராது."

சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். நல்ல நேரம் போகிறதென்று தங்கை கத்தினாள். கடைசியில் பையிலிருந்த என் துண்டைத் தோளில் மடித்து வைத்து, அதன்மேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள் பெண்.

பாதி வழியில் சந்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. என் கால் தடையில்லாமல் பிரேக்குக்குப் போயிற்று. முன்னிருக்கையில் வைத்திருந்த பூத்தட்டு பறந்து கண்ணாடியில் அடித்தது. பெண் இருந்த இடத்திலேயே இருந்தாள். துண்டை விலக்கித் தோளைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மாமா, மடிப்பு கசங்கல."

கோயிலில் வேட்டி கட்டி, மாமன் முறையைக் குறையில்லாமல் செய்தேன். மனம் நிறைந்துதான் வீடு திரும்பினேன்.

இப்போது கல்யாண ஆல்பம் வந்திருக்கிறது. சமைத்தவர், ஒப்பனை செய்தவர், பூக்கட்டியவர் எல்லோருக்கும் கடைசிப் பக்கத்தில் நன்றி. காடி ஓட்டியவனைக் காணோம். கதவைத் திறந்துவிட்டு நான் நிற்கும் படத்தையும் நீக்கிவிட்டார்கள். ஆல்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் படம் வரவேண்டும். கீழே 'மணப்பெண்ணைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர் தாய்மாமன்' என்று போடவேண்டும். இடுப்போடு வெட்டாமல், சிலுவாரும் சப்பாத்தும் தெரிகிற மாதிரி முழுப் படமாக.