பாஞ்சாலி அக்கா தள்ளிப்போட்ட கம்பி

திருத்தணி மலைப்படி தொடங்கும் இடத்தில், இடதுபக்கம் மூன்றாவது பூக்கடை பாஞ்சாலி அக்காவுடையது. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, வீட்டில் கால் தரிக்காமல் போய் உட்கார்ந்த இடம் அந்தக் கடைதான். அக்கா பேசிக்கொண்டே கட்டுவாள். கண் சரத்தில் இருக்காது, படியேறும் கூட்டத்தில் இருக்கும். முழம் மட்டும் பிசகாது.

அவளுடைய மகள் கயல்விழிக்கு அப்போது பத்து வயது. மேல் முன்பற்கள் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றன. பள்ளியில் அவள் பெயர் 'தேங்கா துருவி'. ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே புதுப் பிள்ளைகள். வாயைத் திறக்கவே மாட்டேன் என்று கயல் சொல்லிவிட்டாள். சொன்னபடி வீட்டிலேயே பழகவும் ஆரம்பித்தாள், கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பல்லுக்குக் கம்பி போட்டுடலாம்டி" என்று பாஞ்சாலி அக்கா வாக்குக் கொடுத்தாள்.

பக்கத்துக் கடை ரத்தினம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்டி. கம்பி கட்டி இழுக்கறதுக்கு அது இன்னா வேலியா?"

"அதிர்ஷ்டம்னா நீ வச்சுக்கோ அத்த. உன் வாயில எடம் நெறைய காலியாத்தான கீது."

இருந்தாலும் அக்காவுக்குள் ஒரு தயக்கம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். வெள்ளை வந்தால் போடலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கயலே ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை அரளி. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா ஆனந்தன், அன்றைய முதல் சவாரி முழுக்க இந்தச் செய்தியைத்தான் சொல்லிக்கொண்டு போனாராம்.

மே மாதம் சென்னையில் அரசு பல் மருத்துவமனைக்கு நானும் துணைக்குப் போனேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப வேணாம்மா. நாலு பால் பல் இன்னும் விழல. தாடையும் இனிமேதான் வளரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. இவளுக்குக் கொஞ்சம் பொறுத்தா ஒரே தடவையில முடிஞ்சிடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

கயல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. போனில் தேடி, திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்தேன். அங்கே இருந்தவர் அரை நிமிடம் பார்த்தார். "நாளைக்கே போட்டுடலாம்" என்றார். கயல் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பாஞ்சாலி அக்கா கேட்டாள்: "பால் பல்லு விழுந்தா அந்தக் கம்பி இன்னாங்க ஆவும்?"

"கழட்டிட்டு அப்புறம் மறுபடி போட்டுக்கலாம்."

"பாதி கட்டுன சரத்தப் பிரிச்சுக் கட்டுனா பூவுதான் நசுங்கும், சார். நாங்க அப்புறம் வர்றோம்." எழுந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கனகம்மாசத்திரம் வரைக்கும் கயல் அழுதாள். பிறகு சொன்னாள்: "நீ பொய்க்காரி. சாமியே சொல்லியும் போட மாட்ற."

அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, "ஆங், தப்புதான். போடலாமான்னுதான் சாமியக் கேட்டேன். எப்போன்னு கேக்காம உட்டுட்டேன். கேக்காம உனக்கு நாள் குறிச்சது நான்தான். என்னத் திட்டு" என்றாள்.

கயல் திட்டவில்லை. பதினோரு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தாள். புதுப் பள்ளியிலும் முதல் வாரமே பழைய பெயர் வந்து சேர்ந்துவிட்டது. "போட்டுத் தொலையேன், புள்ள வாடுது" என்று ஆனந்தன்கூடச் சொல்லிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்கப் பூக்காவடி. அக்காவுக்கு வருடத்தின் பெரிய வியாபாரமே அந்த மூன்று நாள்தான். முதல் நாள் சாயங்காலம் கயல் கடைக்கு ஓடி வந்தாள். வாயெல்லாம் ரத்தம். கையில் பூக்கட்டும் நார், அதன் முனையில் ஒரு பல். நாரை ஜன்னல் கம்பியில் கட்டி அவளே இழுத்திருக்கிறாள்.

"இன்னும் மூணுதான்மா" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா அடிக்கவில்லை. தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்க வைத்தாள். மறுநாள் காலை, கூடை கூடையாக மல்லி வந்து இறங்கியிருக்க, கடையை ரத்தினம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு மகளோடு முதல் ரயிலைப் பிடித்தாள். காவடிக்காரர்கள் எல்லோரும் ஊருக்குள் வந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் எதிர்த்திசையில் போனார்கள்.

"பைத்தியம்! ஒரு பால் பல்லுக்காகக் கிருத்திகைய உட்டுட்டுப் போவுது பாரு" என்று ரத்தினம்மாள் என்னிடம் பொருமினாள். பொருமிக்கொண்டே இரண்டு கடைக்கும் சேர்த்து விற்றாள். நானும் கட்டிப் பார்த்தேன். நான் கட்டிய சரம் அவிழ்ந்து விழுந்தது.

அந்தப் பல் எப்படியும் விழ வேண்டியதுதான், மற்ற மூன்றையும் தொடக் கூடாது, முன்னாலேயே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னாராம். ரயிலில் வரும்போது அக்கா ஒரு சின்னக் கண்ணாடியை வாங்கி மகளிடம் கொடுத்தாள். "மீதி மூணும் உன் பொறுப்பு. எது ஆடுது, எது ஆடலன்னு நீதான் பாத்து எனக்குச் சொல்லணும்."

அன்றிலிருந்து கயல் காலையில் பல் துலக்கிவிட்டு, மேலே ஒன்று, கீழே இரண்டு என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவும் மகளும் பழையபடி மனம்விட்டுப் பேசிக்கொண்டது அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரயிலேறினார்கள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒரே ஊரில் நூறு நாள் இருக்கத் தெரியாத நான், இதை முடிவு வரை பார்க்க வேண்டும் என்றே தங்கிவிட்டேன்.

கடைசிப் பல் மறுவருடம் ஆவணியில், பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது விழுந்தது. அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். டாக்டரம்மா பார்த்தார். "இப்ப போடலாம்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அவளக் கேளுங்கம்மா. காத்துகினு இருந்தது அவதான்."

கயல் நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தாள்.

திரும்பும் ரயிலில் வலி தாங்காமல் அவள் முகம் சுருங்கியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஆச்சரியமாகக் கேட்டாள்: "இன்னா பாப்பா வாயில? எவ்ளோ நாளைக்கு இது?"

கயல் உதட்டை விலக்கி நன்றாகவே காட்டினாள். "ரெண்டு வருஷம் ஆவும். உள்ள பால் பல்லு ஒண்ணுகூட இல்ல இப்போ. இருந்தா போடக் கூடாது, தெரியுமா?"

பாஞ்சாலி அக்கா இதைக் கேட்கவில்லை. மணவூர் வருவதற்குள்ளேயே ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.