படம் எடுத்தவரின் பெயர்

மன்னாரில் எங்கள் பாடசாலைக் கண்காட்சி. நான் வைத்த பூநாரைப் படத்தின் முன் ஒரு மீனவர் நெடுநேரம் நின்றார். வெயிலில் கறுத்த முகம். பேசுமுன் தொண்டையைச் செருமும் பழக்கம்.

“இது ஆர் எடுத்த படம், பிள்ளை?”

“இன்டர்நெட்டில எடுத்தனான்.” மூலையிலிருந்த பெயரை வெட்டியதை நான் சொல்லவில்லை.

“என்ர மனுசி முழங்காலளவு சேத்துக்குள்ள நிண்டு எடுத்தது.”

நடுவர்கள் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார்கள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. கழட்டிவிடுறன்.”

“பொறுங்கோ. அவவைத்தான் கேக்கோணும்.”

மனைவிக்கு அழைத்து, மெல்லப் பேசினார். நான் அவர் முகத்தையே பார்த்திருந்தேன்.

“இருக்கட்டுமாம். பேரை மட்டும் போடச் சொல்லுறா.”

படத்தின் கீழ் நான் எழுதிய பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, நடுவர்கள் திரும்புமுன் நகர்ந்துவிட்டார். அவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.