பம்பில் தண்ணீர் இறக்காத சாயங்காலம்

மார்கழி விடியலில் இரும்பை ஈரக்கையோடு தொட்டால் அது தோலைக் கவ்விக்கொள்ளும். மலை மேல் இத்தலார் பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றின் அடிபம்பு அப்படி என் உள்ளங்கையைப் பல தடவை கவ்வியிருக்கிறது. கிணற்றின் வாயைப் பலகையால் மூடி, மேலே காய்ந்த புல்லைப் பரப்பியிருந்ததால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது, வெளியே நிற்கும் பம்புக்குத்தான் ஆபத்து. அதனால் பனிக்காலத்தில் சாயங்காலம் கடைசியாகத் தண்ணீர் அடிக்கிறவர்கள் கைப்பிடியை உச்சிவரை தூக்கிப் பிடித்து, பம்புக்குள் நிற்கும் தண்ணீரைக் கிணற்றுக்கே இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே உறைந்து இரும்பு வெடித்துவிடும். "தண்ணி எறக்கியாச்சா?" என்று அப்பா கேட்காத நாள் கிடையாது.

இறக்கிய பம்பில் காலையில் லேசில் தண்ணீர் வராது. மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, கை மரத்துப்போகும்வரை அடிக்க வேண்டும். நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அந்த வேலை.

தோட்டத்துக் கடைசியில் குடிசை போட்டிருந்த செல்லம்மா அக்கா, சிலோனிலிருந்து வந்தவர், எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் எடுப்பார். தண்ணீர் "களக் களக்" என்று இறங்கும்போது, "கெழவன் இருமுறான் பாப்பா, கஷாயம் வெச்சுக் குடு" என்று சிரிப்பார்.

ஒரு சாயங்காலம், குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கைப்பிடியைத் தூக்கப் போனவரை, "நீங்க போங்கக்கா, நான் எறக்கிக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன். இறக்கவில்லை. மறந்துபோய் இல்லை, ஒரு நாளாவது அடித்த உடனே தண்ணீர் வரட்டுமே என்றுதான். பம்பின் மேல் ஒரு பழைய சாக்கை இறுக்கிச் சுற்றிவிட்டேன், அது போதும் என்று நினைத்தேன்.

விடிந்து பார்த்தால் பம்பின் வயிற்றில் நீளமாக ஒரு வெடிப்பு, அதன் வழியே ஐஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"கடசியா அடிச்சது ஆரு?" என்றார் அப்பா.

"செல்லம்மா அக்காங்கப்பா."

அதுவரை பொய்யில்லை. அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"பாப்பாதாங்க ஐயா எறக்குறேன்னு சொல்லுச்சு" என்றார் அவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் சொல்லவே இல்லீங்கப்பா" என்றேன்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "பச்சப் புள்ள மேலயா பழி போடறே? மழையில ஊறுன ஊர்லருந்து வந்தவளுக்குப் பனியப் பத்தி என்ன தெரியும்!"

புதுப் பம்பு வந்தபோது அதற்கு ஒரு சங்கிலியும் பூட்டும் வந்தன. அந்தப் பனிக்காலம் முழுக்க அக்கா விடியலில் ஓடைக்கு இறங்கி, பாளம் பாளமாக வெடித்த காலோடு குடம் சுமந்து மேடேறினார். நான் அடுப்போரம் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். மாசி முடிவதற்குள் குடிசையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவரே என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேன் பாப்பா, அன்னிக்கு நான்தான் எறக்காமப் போயிருக்கணும். சின்னப் புள்ள ஒன்னயச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றார்.

வாயைத் திறந்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்கக்கா" என்பதுதான் வந்தது. கோத்தகிரி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இன்று அந்தக் கிணற்றின் மேல் சிமெண்ட் தளம் போட்டு மகன் கார் நிறுத்துகிறான். அடிபம்பு பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. அப்பாவும் அம்மாவும் இல்லை. செல்லம்மா அக்கா இருக்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தால், அது தன் தப்பு என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.